150 சிசி என்றால் எல்லாரும் சமமா?

ஜாசினிலோ மெர்லிமாவிலோ ஒரு மோட்டார் பட்டறையில் சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் நின்று பாருங்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் 135 எல்சியைத் தள்ளிக்கொண்டு வருவான். "அண்ணே, பிளாக் 62 போட்டா எவ்வளவு ஆகும்?" என்று கேட்பான். பட்டறை அண்ணனும் விலை சொல்வார். அந்தப் பையனுக்குக் கணிதம் வராது என்று பள்ளியில் முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால், 54 மில்லிமீட்டர் உருளையை 62 ஆக்கினால் மோட்டார் எப்படி மாறும் என்பதை அவன் நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறான்.

அந்த அறிவு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் நள்ளிரவில் தோட்டத்துச் சாலையில்தான். நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பது நீங்கள் ஆண்டுதோறும் நாளிதழில் படிக்கும் செய்தி. அனுமதியின்றி இயந்திரத்தை மாற்றுவது 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்ததே. சட்டம் தடுக்கிறது, பெற்றோர் திட்டுகிறார்கள், ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த ஆசைக்குச் சரியான இடம் பந்தயத் திடல். நம் மாநிலத்திலேயே ஆயர் குரோவில் ஒரு திடல் இருக்கிறது. 1994 முதல் நடந்துவரும் கப் பிரிக்ஸ் பந்தயம் அங்கும் வந்திருக்கிறது. கப்சாய் ஓட்டிப் பழகி, அந்தப் பந்தயத்தில் வளர்ந்த ஹஃபிஸ் ஷாரின், 2018-இல் மோட்டோஜிபி வரை போனார். அப்படியிருக்க, தோட்டத்துப் பையன் திடலுக்குள் நுழையத் தயங்குவது ஏன்? அவனிடம் கேட்டால், "காசு உள்ளவன்தான் ஜெயிப்பான்" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் வழி விதிப்புத்தகத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

சிசி சொல்வது என்ன?

பந்தயப் பிரிவுகளை நாம் சிசி கணக்கில்தான் அறிந்திருக்கிறோம். 115, 125, 150 என்று பெயரிலேயே எண் இருக்கும். இந்த எண், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உருளைக்குள் எவ்வளவு இடத்தைக் கடக்கிறது என்பதைச் சொல்கிறது. உருளையின் விட்டத்தை இரண்டால் வகுத்து, அதை வர்க்கமாக்கி, பையால் பெருக்கி, பிஸ்டன் நகரும் தூரத்தால் பெருக்கினால் விடை வரும். மூன்றாம் படிவ மாணவன் போடக்கூடிய கணக்கு இது.

யமஹா 135 எல்சியின் உருளை விட்டம் 54 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 58.7 மி.மீ. கணக்குப் போட்டால் 134.4 சிசி. இப்போது ஒய்15 இசட்ஆரை எடுங்கள். விட்டம் 57, நகரும் தூரம் அதே 58.7. விடை 149.8 சிசி. மூன்றே மில்லிமீட்டர் ஒரு வண்டியை 135-லிருந்து 150 பிரிவுக்குக் கொண்டுபோய்விடுகிறது. விட்டம் வர்க்கமாவதால் சிறிய மாற்றத்துக்குப் பெரிய பலன். அந்தப் பையன் கேட்ட 62 மி.மீ. பிளாக்கைப் போட்டால் 177 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் அதே எல்சிதான்.

அதனால்தான் பந்தயம் முடிந்ததும் சோதனை அதிகாரிகள் வென்ற வண்டியின் தலைப்பகுதியைக் கழற்றி உருளையை அளக்கிறார்கள். அது தேவைதான். ஆனால், சிசியை அளந்துவிட்டால் எல்லாரும் சமம் ஆகிவிடுவார்களா?

உங்கள் வீட்டுப் பெரியண்ணன் காலத்து ஆர்எக்ஸ்இசட்டை நினைத்துப் பாருங்கள். அதன் அளவு 133 சிசி. எல்சிக்கு 134. எண் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எல்சி தருவது ஏறக்குறைய 12 குதிரைத்திறன், ஆர்எக்ஸ்இசட் தருவது 20-ஐ ஒட்டி. காரணம், ஆர்எக்ஸ்இசட் இரண்டு ஸ்ட்ரோக். அதன் தண்டு ஒவ்வொரு முறை சுற்றும்போதும் எரிபொருள் ஒருமுறை வெடிக்கும். நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். இதனால்தான் உலகப் பந்தயத்தில் 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் பிரிவை 2012-இல் நீக்கியபோது, அதற்குப் பதிலாக வந்த மோட்டோ3 பிரிவுக்கு 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்று வைத்தார்கள்.

இன்னொரு சான்று. 2017-இல் தொடங்கிய உலக சூப்பர்ஸ்போர்ட் 300 பந்தயத்தில் 321 சிசி யமஹா, 373 சிசி கேடிஎம், 399 சிசி கவாசாகி, 471 சிசி ஹோண்டா எல்லாம் ஒன்றாக ஓடின. பிரிவின் பெயரோ 300! வேகமாக இருக்கும் வண்டியின் சுழற்சி எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தார்கள், எடையைக் கூட்டினார்கள். அப்படிச் சமப்படுத்திய பந்தயத்தில்தான் 2018-இல் ஸ்பெயின் நாட்டுப் பெண் ஆனா கராஸ்கோ ஆண்களை வென்று பட்டம் பெற்றார்.

சோற்றுத் தட்டும் ஒரு விதி

சிசியை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறோம். ஓட்டுபவரின் எடையை அளக்கிறோமா? ஒரு எளிய கணக்கு. வண்டி 115 கிலோ என்று வையுங்கள். ஒல்லிப் பையன் 50 கிலோ. சேர்த்து 165. இன்னொருவர் 75 கிலோ. சேர்த்து 190. இயந்திரம் தள்ளும் விசை ஒன்றுதான். நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, அதே விசைக்கு எடை குறைந்தவரின் முடுக்கம் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுதல். 135-லிருந்து 150-க்குப் போனால் சிசி கூடுவது 11 விழுக்காடு மட்டுமே. ஒரு முழுப் பிரிவு வித்தியாசத்தைவிட ஓட்டுபவரின் உடம்பு அதிக வித்தியாசம் செய்கிறது. வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து ஏற்றும் சிறிய திடல்களில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

எடை விதி இல்லாத பந்தயத்தில் என்ன நடக்கும் என்று பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்கிற வயதுப் பிள்ளை சோற்றைக் குறைப்பான். பந்தய நாளில் பட்டினி கிடந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் தோல் உடை மாட்டிக்கொண்டு ஓட்டுவான். மோட்டோ3-இல் வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 152 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று வைத்திருப்பதால், பட்டினி கிடப்பதால் கிடைக்கும் ஆதாயம் குறைகிறது. குறைந்தால் ஈயத்தகடு பொருத்த வேண்டும். மன்ற அளவில் இதற்குத் தேவை ஒரு தராசு மட்டும்தான்.

காசை எப்படி அளப்பது?

அடுத்தது பணம். ஒரே சிசி, ஒரே எடை என்றாலும், விலை உயர்ந்த கேம் தண்டு, இசியு, தலைப்பகுதி வேலை, ஒவ்வொரு சுற்றுக்கும் புது டயர் வாங்கக்கூடியவர் முன்னே போய்விடுவார். இதற்கும் வழிகள் உண்டு.

ஒன்று, எல்லாருக்கும் ஒரே டயர். மோட்டோஜிபியே 2009 முதல் ஒரே நிறுவன டயரில்தான் ஓடுகிறது. இரண்டாவது, இயந்திரத்தைக் கழற்ற முடியாதபடி கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. பந்தயம் முடிந்ததும் எதிரணியினர் முன்கூட்டி அறிவித்த விலையைக் கொடுத்து அந்த இயந்திரத்தை வாங்கிக்கொள்ளலாம். 2012-இல் மோட்டோஜிபியில் சிறிய அணிகளுக்கு இப்படி ஒரு விதி இருந்தது. பெரிய நிறுவனங்கள் 20,000 யூரோ கொடுத்து அவர்களின் இயந்திரத்தைக் கேட்கலாம். நம் மன்றத்தில் அதை 1,500 ரிங்கிட் என்று வைப்போம். 6,000 ரிங்கிட் செலவழித்த இயந்திரத்தை 1,500-க்கு இழக்க யார் துணிவார்? சோதனை அதிகாரியின் கண்ணுக்குத் தப்பும் செலவை இந்த விதி தடுத்துவிடும்.

மலிவான பிரிவிலிருந்து பெரிய ஓட்டுநர் வருவாரா என்று கேட்பவர்களுக்குக் கோயம்புத்தூரைக் காட்டலாம். அங்கே கரிவர்தன் என்பவர் மாருதி 800 இயந்திரத்தை வைத்து எளிய பந்தயக் கார்களை உருவாக்கினார். வெளிநாட்டு வண்டி வாங்க வசதியில்லாதவர்களும் ஓட்டட்டும் என்பது நோக்கம். அந்தக் கார்களில் பந்தயம் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். மோட்டார் சைக்கிளில் சென்னையின் சரத்குமார் 2011-இல் உலக 125 சிசி பந்தயத்துக்குப் போனார். இங்கே 2014-இல் தொடங்கிய ஆசிய டேலண்ட் கப் எல்லா இளைஞருக்கும் ஒரே வகை ஹோண்டா வண்டியைக் கொடுத்தது. அதில் வளர்ந்த நம் நாட்டு கைருல் இட்ஹாம் பாவி 2016-இல் மோட்டோ3 பந்தயங்கள் இரண்டை வென்றார். வண்டிகள் சமமானதும் திறமை வெளியே வந்தது.

நமக்கு ஏற்ற பிரிவு

ஆகவே என் யோசனை இது. மலாக்காவில் மோட்டார் மன்றம் நடத்துபவர்கள் 115 சிசிக்குள் நான்கு ஸ்ட்ரோக் கப்சாய்களுக்கு ஒரு பிரிவு திறக்கட்டும். இஎக்ஸ்5, வேவ், லெகெண்டா என்று தோட்டத்து வீட்டு வாசல்களில் நிற்கிற வண்டிகள்தான். இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும், முத்திரை வைக்க வேண்டும். டயர் ஒன்றே. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து குறைந்தது 165 கிலோ. விளக்கு, கண்ணாடி, பக்கத்தாங்கி கழற்றப்பட வேண்டும். எண்ணெய் வடிகால் திருகுக்குக் கம்பி கட்ட வேண்டும். அந்தத் திருகு கழன்றால் விழுவது அந்த வண்டி மட்டுமல்ல, பின்னால் வரும் பத்துப் பேரும்தான்.

சோதனை மேசையில் மாணவர்களை உட்கார வையுங்கள் என்பதும் என் வேண்டுகோள். அமுக்க விகிதத்தை அளப்பது எப்படித் தெரியுமா? பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாகப் பியூரெட்டிலிருந்து எண்ணெய் விட வேண்டும். 10.9-க்கு 1 விகிதமுள்ள எல்சியில் ஏறக்குறைய 13.6 மில்லி பிடிக்கும். தலைப்பகுதியைத் தேய்த்திருந்தால் 12 மில்லியிலேயே நிரம்பிவிடும். விகிதம் 12.2 ஆகிவிட்டது என்று பொருள். ஒன்றரை மில்லி எண்ணெயில் ஏமாற்று வெளியே வந்துவிடும். வேதியியல் கூடத்துப் பியூரெட்டுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? ஓட்ட விருப்பமில்லாத பிள்ளைக்கும் இதில் இடம் இருக்கிறது. நாளை அவன் பந்தய அணியின் தொழில்நுட்பராகவோ சோதனை அதிகாரியாகவோ வரலாம்.

இவ்வளவு விதி போட்டால் பட்டறை அண்ணன்களின் கைவண்ணத்துக்கு வேலை இருக்காதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கும். பிரேக் நிதானம், சங்கிலி இழுவை, டயர் காற்றழுத்தம், சஸ்பென்ஷன், பற்சக்கர விகிதம் ஆகியவற்றைத் திறந்து விடலாம். அதிகப் பணம் வேண்டாத, ஆனால் அதிக அறிவு வேண்டும் வேலைகள் இவை.

"படிக்கிற பிள்ளையை ஏன் மோட்டார் பக்கம் தள்ளுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அவன் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் இருக்கிறான். சாலையில் அவன் போட்டியிடுவது செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடும், விரைவுப் பேருந்தோடும். அங்கே பிரிவும் இல்லை, எடைக் கணக்கும் இல்லை, கொடி காட்டி நிறுத்துபவரும் இல்லை. திடலில் இவை எல்லாம் உண்டு, அருகில் ஆம்புலன்ஸும் நிற்கும்.

அடுத்த முறை உங்கள் பையன் பிளாக் மாற்றக் காசு கேட்டால், உடனே திட்டி அனுப்பிவிடாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, எத்தனை சிசி வரும் என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியாகப் போட்டுவிட்டால், அவனுக்குத் தேவை புது பிளாக் அல்ல, ஒரு மன்றம். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்று இல்லையென்றால், கோயில் திருவிழாவுக்கும் காற்பந்துப் போட்டிக்கும் கூடுகிற அதே நாற்பது பேர் கூடி அதைத் தொடங்கலாம்.