பழைய வீட்டை வாங்கி மாடி கட்டி விற்றால் லாபமா? கூட்டு சேர்ந்து இறங்குபவர்களின் கையை சுடும் கணக்கு

கோவை:

பழைய ஓட்டு வீடு அல்லது ஒரு மாடி கூட இல்லாத தார்சு வீடு. அதை விலைக்கு வாங்கி, கீழே இடிச்சு திருத்தி, மேலே ஒரு போர்ஷன் எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்து விற்பது. கோவையில் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், கணபதி, குனியமுத்தூர் போன்ற பழைய குடியிருப்பு பகுதிகளில் இது ஒரு தொழிலாகவே மாறிவிட்டது.

பெரிய பில்டர்கள் மட்டும் இதை செய்வதில்லை. கொத்தனார், எலக்ட்ரீஷியன், வீட்டு புரோக்கர் என்று இரண்டு மூன்று பேர் கூட்டு சேர்ந்து இறங்குகிறார்கள். ஒருவர் பி.எப். பணத்தை போடுகிறார். இன்னொருவர் வீட்டுக்காரம்மாவின் நகையை அடகு வைக்கிறார். மீதிக்கு வட்டிக்கு வாங்குகிறார்கள்.

"வாங்கினது நாப்பது, வித்தது எழுபத்தஞ்சு" என்று டீக்கடையில் கேட்கும் கதைதான் இவர்களை இழுத்து வருகிறது. அந்த நாற்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில் என்னென்ன போகிறது என்பதை யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

35 லட்சம் எங்கே போகிறது?

ஒரு உதாரண கணக்கு போட்டு பார்ப்போம். 3 சென்ட் இடத்தில் உள்ள பழைய வீடு 40 லட்சம் ரூபாய். தமிழகத்தில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவு கட்டணம் 2 சதவீதம். ஆக 3 லட்சத்து 60 ஆயிரம். கீழ் வீட்டை திருத்த 6 லட்சம். மேலே 600 சதுர அடிக்கு, சதுர அடி 2,200 ரூபாய் வீதம் 13 லட்சத்து 20 ஆயிரம். பிளான், அனுமதி, என்ஜினீயர், மின் இணைப்பு என்று 1 லட்சம்.

கடன் வாங்கியது 30 லட்சம், வருடத்துக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 30 ஆயிரம் ரூபாய். வாங்கிய நாளில் இருந்து விற்று பணம் கைக்கு வர 14 மாதம் ஆனால் வட்டி மட்டும் 4 லட்சத்து 20 ஆயிரம். வாங்கும்போதும் விற்கும்போதும் புரோக்கர் கமிஷன் ஒரு சதவீதம் வீதம் 1 லட்சத்து 15 ஆயிரம்.

மொத்த செலவு 69 லட்சத்து 15 ஆயிரம். 75 லட்சத்துக்கு விற்றால் மிச்சம் 5 லட்சத்து 85 ஆயிரம். மூன்று பேர் பிரித்தால் ஆளுக்கு 1 லட்சத்து 95 ஆயிரம். அதை 14 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 14 ஆயிரம் கூட வரவில்லை. ஒரு கொத்தனார் தினமும் வேலைக்கு போயிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும். இத்தனைக்கும் இது வருமான வரி கட்டுவதற்கு முந்தைய கணக்கு.

வீடு விற்க ஆறு மாதம் கூடுதலாக இழுத்தால் வட்டியில் இன்னும் 1 லட்சத்து 80 ஆயிரம் போகும். அஸ்திவாரம் தாங்காது என்று தெரிந்து புதிதாக தூண் போட 3 லட்சம் ஆனால், மூன்று பேருக்கும் சேர்த்தே மிஞ்சுவது 1 லட்சத்து 5 ஆயிரம்தான்.

லாபம் மாடியில் இருந்து வருவதில்லை. வாங்குகிற அன்றே என்ன விலைக்கு வாங்கினோம், என்ன பார்த்து வாங்கினோம் என்பதில்தான் அது முடிவாகிறது.

அஸ்திவாரத்தை தோண்டி பார்த்தீர்களா?

அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டு ஓரத்தில் ஒரு குழி தோண்டி அஸ்திவாரத்தை பார்ப்பது. மில் தொழிலாளர்கள் அந்த காலத்தில் கட்டிய பல வீடுகள் கருங்கல் அஸ்திவாரம், மேலே செங்கல் சுவர் என்று சுவரே பாரம் தாங்கும் வகையை சேர்ந்தவை. சிலவற்றில் சிமெண்ட் கலவையே இருக்காது. மண் கலவை அல்லது சுண்ணாம்பு கலவைதான். ஒரு ஓட்டு கூரையை தாங்க கட்டிய சுவர், கான்கிரீட் தளத்தையும் மாடியையும் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கி போட்ட பழைய மெட்ராஸ் தார்சு என்றால், அதன் மேல் மாடி எழுப்புவதை யோசிக்கவே கூடாது.

"மேலே கட்டுறதுக்குன்னு கம்பி விட்டிருக்காங்க" என்று புரோக்கர் காட்டுவார். பத்து பதினைந்து வருடம் மழையிலும் வெயிலிலும் நின்ற கம்பி துரு ஏறி இளைத்திருக்கும். அதை அப்படியே நம்பி தூண் எழுப்பக்கூடாது. ஸ்டிரக்சுரல் என்ஜினீயரை அழைத்து வந்து காட்டும் செலவு சில ஆயிரங்கள். அதை மிச்சம் பிடித்தால் பின்னால் லட்சத்தில் கொடுக்க வேண்டிவரும்.

ஹாலை பெரிதாக்குகிறேன் என்று நடு சுவரை எடுப்பது அதைவிட ஆபத்து. சுவரே பாரம் தாங்கும் வீட்டில் முட்டு கொடுக்காமல், பீம் போடாமல் சுவரை உடைத்தால் மேல் தளம் அப்படியே இறங்கும். அடியில் நிற்பது சித்தாளும் கொத்தனாரும்தான். 2023 ஏப்ரலில் சென்னை பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில், சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்த பழைய கட்டிடம் இடிந்து விழுந்ததை மறந்துவிடக்கூடாது.

தங்கச்சி கையெழுத்து இருக்கிறதா?

பழைய வீடு என்றாலே வாரிசு பிரச்சினை கூடவே வரும். அப்பா பெயரில் வீடு, அவர் காலமாகிவிட்டார், இரண்டு மகன்கள் விற்க வருகிறார்கள். கட்டிக்கொடுத்த மகளின் கையெழுத்து இல்லை. அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால் மகளுக்கும் சம பங்கு உண்டு. மாடி பாதி எழும்பும்போது அந்த பெண் கோர்ட்டுக்கு போய் தடை வாங்கினால் வேலை அங்கேயே நிற்கும். வட்டி மட்டும் நிற்காது.

வில்லங்க சான்றிதழை பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம். வாரிசு சான்றிதழ், மூல பத்திரம், பட்டா மூன்றையும் வக்கீலிடம் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

9 சதவீத செலவை மிச்சம் பிடிக்க சிலர் இன்னொரு வேலை செய்கிறார்கள். தங்கள் பெயரில் கிரயம் செய்யாமல், உரிமையாளரிடம் அக்ரிமெண்டும் பொது பவரும் மட்டும் வாங்கிக்கொண்டு கட்டிட வேலையை தொடங்குகிறார்கள். பவர் பத்திரம் மூலம் சொத்து உரிமை மாறாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ம் ஆண்டே தெளிவாக சொல்லிவிட்டது. உரிமையாளர் இறந்துவிட்டால் பவர் முடிந்துபோகும் ஆபத்தும் உண்டு. அடுத்தவர் மண்ணில் 20 லட்சத்தை கொட்டிவிட்டு வாரிசுகள் வாசலில் காத்து கிடக்க வேண்டியதுதான்.

அனுமதி இல்லாத மாடி

பலர் சறுக்கும் இடம் இதுதான். "கீழ் வீட்டுக்கு பிளான் இருக்கு, மேலே கட்டினா யாரும் கேக்க மாட்டாங்க" என்று நினைக்கிறார்கள். மாநகராட்சி ஆள் வராமலே கூட போகலாம். ஆனால் வீடு வாங்க வருபவர் பேங்க் லோனில் வருகிறார். பேங்க் மதிப்பீட்டாளர் கையில் பிளானை வைத்துக்கொண்டு வீட்டை அளக்கிறார். பிளானில் இல்லாத மாடிக்கு அவர் மதிப்பு போட மாட்டார்.

75 லட்சம் வீட்டுக்கு 80 சதவீதம் லோன் என்றால் 60 லட்சம் கிடைக்கும். மாடியை விட்டுவிட்டு பேங்க் 55 லட்சம்தான் மதிப்பு போட்டால் லோன் 44 லட்சம். மீதி 31 லட்சத்தை வாங்குபவர் கையில் இருந்து போட வேண்டும். சம்பளக்காரரால் அது முடியாது. விலையை குறைக்க சொல்வார், இல்லை என்றால் வேறு வீடு பார்க்க போய்விடுவார்.

2024 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு பிறப்பித்த உத்தரவுக்கு பிறகு பேங்குகள் இதில் இன்னும் கறார் காட்டுகின்றன. பணி நிறைவு சான்றிதழை சரிபார்த்த பிறகே கட்டிடத்தின் மீது கடன் தர வேண்டும் என்றும், வருடங்கள் ஓடிவிட்டது என்பதால் விதிமீறல் கட்டிடம் முறையானதாகிவிடாது என்றும் அந்த தீர்ப்பு சொல்கிறது. தமிழக கட்டிட விதிகளில் சிறிய வீடுகளுக்கு பணி நிறைவு சான்றிதழில் விலக்கு உண்டு. ஆனால் கட்டிட அனுமதியில் விலக்கு கிடையாது.

"பின்னால வரன்முறை பண்ணிக்கலாம்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். தமிழக அரசின் கட்டிட வரன்முறை திட்டம் 2007 ஜூலை 1-ந்தேதிக்கு முன்பு கட்டியவற்றுக்குத்தான்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையை கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு ஆன்லைனில் உடனடியாக அனுமதி பெறலாம். ஆனால் பழைய வீடே அனுமதி இல்லாமலோ, பக்கத்து இடைவெளி விடாமலோ கட்டியதாக இருந்தால் சிக்கல் அங்கே இருந்தே தொடங்குகிறது. வெளியே போடும் மாடிப்படி கூட அந்த இடைவெளியை அடைக்கக்கூடாது. எனவே பழைய பிளான் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்க வேண்டும். இல்லை என்றால் அதற்கு ஏற்ப விலையை குறைத்து பேச வேண்டும்.

எதை முதலில் செய்வது?

கீழே அழகாக டைல்ஸ் போட்டுவிட்டு மேலே சென்ட்ரிங் அடிப்பவர்கள் உண்டு. கான்கிரீட் தண்ணீர் இறங்கி, ஜல்லி விழுந்து போட்ட டைல்ஸ் பாழாகும். இடிக்கும் வேலை, தூண், மேல் தளம், தண்ணீர் கசிவு தடுப்பு, பைப், ஒயரிங் எல்லாம் முடிந்த பிறகுதான் கீழே பூச்சு, டைல்ஸ், பெயிண்ட்.

வட்டி ஓடுகிறதே என்று சென்ட்ரிங் பலகையை அவசரமாக பிரிப்பது இன்னொரு தப்பு. நான்கரை மீட்டர் வரை அகலம் உள்ள தளத்துக்கு குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்க வேண்டும் என்கிறது இந்திய தர நிர்ணய விதி. இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. சிமெண்டுக்கு இன்னும் சில நாள் கூடுதலாக விடுவது நல்லது. அந்த சிமெண்ட் கான்கிரீட்டுக்கு தண்ணீர் கட்டுவது குறைந்தது 10 நாள்.

கொத்தனாருடன் பேசும்போது லேபர் மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா என்பதை ஒரு பேப்பரில் எழுதி கையெழுத்து வாங்க வேண்டும். இடித்த மண் அள்ளுவது யார் செலவு, பழைய மரம், கம்பி, ஓடு யாருக்கு என்பது வரை எழுதினால் பின்னால் சண்டை வராது. அஸ்திவாரம், தளம், பூச்சு என்று வேலை முடிய முடிய பணம் கொடுப்பதே இரு பக்கத்துக்கும் நியாயம். மொத்தமாக அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் அடுத்த சைட்டுக்கு போய்விடுவார். சனிக்கிழமை கூலியை இழுத்தடித்தாலும் அதே கதைதான்.

மெட்டீரியல் விலையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 2025 ஏப்ரலில் கல் குவாரி, கிரஷர் வேலைநிறுத்தத்தால் ஜல்லி, எம்-சாண்ட் கிடைக்காமல் பல இடங்களில் வேலை நின்றது. அதே வருடம் செப்டம்பர் 22-ந்தேதி முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. எனவே போடும் எஸ்டிமேட்டுக்கு மேல் பத்தில் ஒரு பங்காவது தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவப்பட்ட மேஸ்திரிகள்.

பில் இல்லாவிட்டால் வரி

வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் வரும் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு வரும். 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீத வரி. இதையே தொழிலாக தொடர்ந்து செய்தால் தொழில் வருமானமாக கணக்கிடுவார்கள்.

இங்கே பலர் ஏமாறுவது பில் விஷயத்தில். சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் பில் இல்லாமல் வாங்கி, கூலியை கையில் கொடுத்திருந்தால், 20 லட்சம் செலவு செய்தேன் என்று காட்ட ஆதாரம் இருக்காது. வாங்கும்போது பத்திரத்தில் விலையை குறைத்து எழுதியிருந்தாலும் அதே கதி. காகிதத்தில் லாபம் பெரிதாக தெரியும், கையில் இல்லாத லாபத்துக்கு வரி கட்ட வேண்டிவரும்.

சொத்து விற்பனையில் 20 ஆயிரம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதற்கு தடை உள்ளது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். 50 லட்சம் மற்றும் அதற்கு மேல் விற்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்.

ஆடியில் முடித்தால் ஆவணி வரை காத்திருப்பு

ஆடி, மார்கழி மாதங்களில் வீடு வாங்க ஆள் வருவது குறையும். வாங்க வருபவர் வாஸ்து பார்ப்பார். ஈசானிய மூலையில் கக்கூஸ் கட்டி வைத்தால் வந்த ஆள் அப்படியே திரும்பிப் போவார். தை மாதம் தொடங்கி ஆனிக்குள் முடிப்பது போல் திட்டம் போட்டால் வடகிழக்கு மழைக்கும் மாட்ட வேண்டியதில்லை.

கோவையில் வாடகை கணக்கு பார்த்து வாங்குபவர்களே அதிகம். தனி மாடிப்படி, தனி மீட்டர், மேலே ஒரு போர்ஷன் வாடகைக்கு விட வசதி இருந்தால் வீடு சீக்கிரம் நகரும். விலை உயர்ந்த மாடுலர் கிச்சனுக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் போட்ட பணம் இந்த பகுதிகளில் முழுசாக திரும்பி வருவதில்லை.

கூட்டு சேர்பவர்கள் யார் எவ்வளவு போட்டார்கள், யார் பெயரில் பத்திரம், நஷ்டம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். லாபம் வரும்போது மச்சான், மாமன் என்று பேசுபவர்கள், வீடு ஆறு மாதம் விற்காமல் நின்றால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறிவிடுகிறார்கள்.

குழி தோண்டி அஸ்திவாரம் பார்க்காமல், பழைய பிளான் கேட்காமல், எல்லா வாரிசும் கையெழுத்து போடாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வீட்டை பார்ப்பதே நல்லது. அடகு கடையில் இருக்கும் நகை பத்திரமாக வீட்டுக்கு திரும்ப வேண்டும் என்றால் இதை தவிர வேறு வழி இல்லை என்கிறார்கள், இந்த தொழிலில் ஒருமுறை கையை சுட்டுக்கொண்டவர்கள்.