எண் பெரிது, துளை சிறிது!

மதுரையில் வங்கி வாசல்களில் காவலர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது 12 போர் வகை. (இந்தப் போர் சண்டையல்ல, குழலின் உள்துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுவே துளையின் விட்டம், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டைகளாக்கினால் 15.6தான். ஆக, எண் கூடினால் துளை சிறுக்கிறது!

விபரீதம் இங்கேதான். 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் துப்பாக்கியில் இட்டால், அது தோட்டா அறைக்குள் நழுவி, குழல் குறுகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெடிக்காது. திறந்து பார்த்தால் அறை காலிபோலத் தோன்றும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்றெண்ணி, சரியான தோட்டாவை இட்டுச் சுட்டால்? முன்னே அடைப்பு, வாயு விரிய வழியில்லை. சாதாரணமாகவே காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கு எழும் அழுத்தம் எல்லை மீறும். குழல் பிளந்து, அதைத் தாங்கிய கையைச் சிதைத்துவிடும்.

சுட்டவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். என் கருத்தில், அலகில்லாத அந்த எண்ணும் குற்றவாளியே. விடைத்தாளில் அலகு எழுதாவிட்டால் உங்களுக்கு மதிப்பெண் குறைக்கிறோமே, தோட்டாவுக்கு மட்டும் ஏன் சலுகை? உற்பத்தியாளர் பலர் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் உறை இடுகிறார்கள், நல்ல ஏற்பாடு. கூடவே விட்டத்தை மில்லிமீட்டரில், தோட்டாவிலும் குழலிலும் பெரிதாகப் பொறிக்க வேண்டும்.