நடையிலிருந்து ஓட்டத்திற்கு: எந்தச் செயலி?



பினாங்குத் தண்ணீர்மலைப் பகுதியில், 1884இல் அமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் நாள்தோறும் நடைப்பயிற்சி செய்வோர் பலர். அவர்களுள் மெதுவோட்டத்திற்கு மாற விழைவோர் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது?

'ஸ்டிராவா' போன்றவை தூரத்தையும் வேகத்தையும் பதிந்து, பிறரோடு ஒப்பிடவும் இடமளிக்கும். ஆனால், தொடக்கநிலையினருக்கு முதலில் வேண்டியது மதிப்பெண் பட்டியல் அன்று, பாடத்திட்டம். எழுத்தறியும் முன்னரே மாணவனைத் தரவரிசையில் நிறுத்தலாமா?

1996இல் ஜோஷ் கிளார்க் வகுத்த 'கௌச் டூ 5கே' அத்தகைய பாடத்திட்டமே. 5 கிலோமீட்டர் ஓட்டத்தை எட்ட 9 வாரம். வாரத்திற்கு 3 நாள். முதல் வாரத்தில் 5 நிமிட விரைநடை. பின்னர் 60 வினாடி ஓட்டமும் 90 வினாடி நடையும் மாறி மாறி 20 நிமிடம். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையும் இத்திட்டத்தைச் செயலியாக வெளியிட்டுள்ளது.

மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் மெல்லவே பழகும். இடையிடையே நடக்கச் சொல்வது அதனால்தான். அவசரப்பட்டால் கால் வலிக்கும். சில நாளில் ஓட்டமும் நின்றுவிடும்.

ஆகவே, 'ஓடு' என்று மட்டுமன்றி, 'இப்போது நட' என்றும் குரல் கொடுக்கும் செயலியையே முதலில் தேர்ந்தெடுங்கள். ஒப்பீடு பிறகு வரட்டும்.