இரண்டாவது எஞ்சினைப் பற்றிய ஓர் அபிப்பிராயம்

சிறு விமானம் ஒன்று விழுந்து, அதில் பிரயாணம் செய்தவர் பெயர் பெற்றவராகவும் இருந்துவிட்டால், மறுநாள் பத்திரிகை படிக்கும் இடங்களிலெல்லாம் தவறாமல் எழும் கேள்வி, அந்த விமானத்துக்கு எஞ்சின் ஒன்றா இரண்டா என்பதுதான். ஒன்று என்று தெரிந்தால், அப்படிப்பட்ட விமானத்தில் அவரை ஏற்றலாமா என்று ஆத்திரப்படுகிறவர்களும், இரண்டு என்று தெரிந்தால், இரண்டுமா ஒருசேர நின்றுபோகும், இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்படுகிறவர்களும், பார்வைக்கு எதிரெதிராகத் தோன்றினாலும், ஒரே அஸ்திவாரத்தின்மேல் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள். எஞ்சின் இரண்டாக இருந்தால் அபாயம் பாதியாகிவிடும் என்பதே அந்த அஸ்திவாரம். விமானத்தை வாடகைக்கு அமர்த்துகிற தனவந்தர்களும், அரசியல் தலைவர்களின் சுற்றுப்பயணத்தை ஏற்பாடு செய்கிற காரியதரிசிகளும், நோயாளியை அவசரமாகப் பெருநகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நினைக்கிற உறவினர்களும் இந்த ஒரு நம்பிக்கையை வைத்தே தீர்மானத்துக்கு வருகிறபடியால், இதைச் சற்று விஸ்தாரமாகவே பரிசீலிப்பது அவசியமாகிறது.

இந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் பிறந்ததன்று. நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிச் செல்லும் பெரிய ஜெட் விமானங்களைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. ஓடுபாதையில் இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தை அடைந்த பிறகு ஓர் எஞ்சின் செயலற்றுப்போனாலும், மிஞ்சியதைக் கொண்டே மேலெழும்பி, குறிப்பிட்ட சரிவில் ஏறிக் காட்டினாலொழிய, அத்தகைய விமானத்துக்கு அனுமதியே கிடையாது. பிரயாணிகள் அங்கே கண்ட பாதுகாப்பை, ஆறு பேரும் எட்டுப் பேரும் அமர்கிற சிறு விமானத்துக்கும் அப்படியே நீட்டிக்கொள்கிறார்கள். பிசகு தொடங்குவது அங்கேதான்.

அவர்களுடைய முதல் வாதம், ஓர் எஞ்சின் நின்றால் பாதி சக்தி மிச்சமிருக்கிறது, அந்தப் பாதியைக் கொண்டு மெதுவாகவாவது வீடு போய்ச் சேரலாம் என்பது. கணக்கு சரிபோலத் தோன்றும். ஆனால் விமானம் மேலே ஏறுவது அதன் மொத்த சக்தியினால் நிகழ்கிற காரியமன்று, விழாமல் மட்டமாகப் பறப்பதற்குச் செலவானது போக மிஞ்சுகிற சக்தியினால் நிகழ்கிற காரியம். உதாரணமாக, மொத்த சக்தி நூறு என்றும், மட்டமாகப் பறப்பதற்கே நாற்பது வேண்டும் என்றும் வைத்துக்கொண்டால், இரு எஞ்சின்களும் ஓடுகையில் ஏறுவதற்கு அறுபது மிஞ்சும். ஒன்று நின்றுவிட்டாலோ, ஐம்பதில் நாற்பது போகப் பத்தே மிஞ்சும். எஞ்சின்களில் பாதி போனதற்கு, ஏறும் திறனில் ஆறில் ஐந்து பங்கு போய்விட்டது. அந்தப் பத்தையும், நின்றுபோன எஞ்சினின் விசிறி காற்றில் வெறுமனே சுழன்றுகொண்டு உண்டாக்கும் இழுப்பு விழுங்கிவிடும். விசிறியின் அலகுகளை விளிம்பு காற்றுக்கு நேராக இருக்கும்படி திருப்பி, சக்கரங்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்வரை விமானம் ஏறாது, இறங்கவே செய்யும். இது விமானிகளின் பாடப்புத்தகத்தில் உள்ள பாலபாடம். சுமார் 2,700 கிலோ எடைக்கு உட்பட்ட, குறைந்த வேகத்தில் தரையிறங்கக்கூடிய இரட்டை எஞ்சின் விமானங்கள், ஓர் எஞ்சினோடு ஏறியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க விதிகள் நெடுங்காலம் விதிக்கவில்லை. ஏறுமா இறங்குமா என்று அளந்து கைப்புத்தகத்தில் எழுதிவைத்தால் போதும் என்றே விட்டிருந்தன. பணம் கொடுத்து ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சக்தி குறைவதாவது பொறுத்துக்கொள்ளக்கூடியது. அதைக் காட்டிலும் கொடியது, மிஞ்சிய சக்தி ஒரு பக்கமாகவே இருப்பது. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது வண்டியை நேரே இழுப்பதில்லை, பக்கவாட்டில் திருப்பிப் பள்ளத்தில் தள்ளுகிறது. ஓடுகிற எஞ்சின் இறக்கையின்மேல் ஒரு புறமாக இருக்கிறபடியால், அது விமானத்தின் மூக்கை நின்றுபோன எஞ்சினின் பக்கமாகத் திருப்பும். விமானி எதிர்ப்புறத்துச் சுக்கான் மிதியைக் காலால் முழு பலத்தோடு அழுத்தி அதைத் தடுக்கவேண்டும். ஆனால் சுக்கானுக்கு வலிமை தருவது அதன்மேல் மோதுகிற காற்று. வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், எவ்வளவு அழுத்தினாலும் சுக்கான் தோற்றுப்போகும்; விமானம் திரும்பி, உருண்டு, தலைகீழாகும். அந்த எல்லையை வேகங்காட்டும் கருவியில் ஒரு சிவப்புக் கோடாகவும், ஓர் எஞ்சினோடு ஏறுவதற்குரிய வேகத்தை நீலக் கோடாகவும் தீட்டியிருப்பார்கள். நிலத்தை விட்டுக் கிளம்பிய முதல் சில விநாடிகளில், இந்த இரண்டு வர்ணங்களுக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளியில்தான் அத்தனை பேருடைய பிராணனும் இருக்கிறது.

2019 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் அடிசன் என்ற ஊரில் நிகழ்ந்ததை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். கிங் ஏர் 350 என்ற நல்ல விமானம். பத்துப் பேர் இருந்தார்கள். மேலெழும்பியவுடனே இடது எஞ்சின் உந்துதலை இழந்தது. வலது காலை அழுத்தவேண்டிய தருணத்தில் விமானி முதலில் இடது மிதியை அழுத்தினார். உடனே திருத்திக்கொண்டு வலதை அழுத்தினார். ஆனால் அதற்குள் விமானம் சாய்ந்து உருண்டு, பக்கத்திலிருந்த விமானக் கொட்டகையில் மோதி எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்குச் சுமார் ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2014 அக்டோபர் 30 அன்று, இதே வம்சத்தைச் சேர்ந்த கிங் ஏர் பி200, விசிட்டா நகரத்தில் கிளம்பியவுடன் இடது எஞ்சினின் சக்தி குறைந்து, விமானிகளுக்குப் பயிற்சி தரும் கட்டடத்தின்மேலேயே விழுந்தது. விமானியும், உள்ளே சிமுலேட்டரில் இருந்த மூவரும் மாண்டார்கள். அங்கும் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது, பொருந்தாத விதத்தில் சுக்கான் பிரயோகிக்கப்பட்டது என்பதே.

இவையெல்லாம் விமானியின் பிழை, எஞ்சினின் எண்ணிக்கைக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. எந்தக் காலை அழுத்துவது, எந்த எஞ்சினை அடைப்பது, ஏறுவதா இறங்கிவிடுவதா என்ற இத்தனை தீர்மானங்களையும் சில விநாடிகளில் செய்தாகவேண்டிய நிர்ப்பந்தம், இரண்டாவது எஞ்சின் இருப்பதனாலேயே ஏற்படுகிறது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் விமானிக்கு ஒரே கடமைதான்: மூக்கைத் தாழ்த்தி, எதிரே தென்படுகிற நிலத்தில், விமானம் தன் பிடியில் இருக்கும்போதே இறங்குவது. விமானம் நசுங்கும்; மனிதர்கள் பெரும்பாலும் உயிரோடு வெளியே வருவார்கள். 1972 முதல் 1976 வரை எஞ்சின் பழுதினால் நேர்ந்த இரட்டை எஞ்சின் விமான விபத்துக்களை அதே வாரியம் ஆராய்ந்து 1979-இல் அறிக்கை வெளியிட்டது. எஞ்சின் பழுது விபத்தில் முடிகிறபோது, ஒற்றை எஞ்சின் விமானங்களைவிட இவற்றிலேயே உயிர்ச்சேதம் அதிக விகிதத்தில் நேர்ந்தது என்பதை அது எடுத்துக்காட்டியது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அடிசனில் பத்துப் பேர் இறந்திருக்கிறார்கள் என்பதை நினைக்கையில் மனம் வேதனைப்படுகிறது.

இரண்டாவது வாதம், இரண்டும் ஒருசேர நிற்பது நடவாத காரியம் என்பது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால் அது நியாயமே. ஆனால் இரண்டுக்கும் எரிபொருள் நிரப்புகிற கை ஒன்று. பராமரிக்கிற தொழிற்சாலை ஒன்று. செலுத்துகிற விமானி ஒருவர். 2014 ஆகஸ்டு 27 அன்று நியூ மெக்ஸிகோவின் லாஸ் குரூஸஸ் நகரில், நோயாளியோடு கிளம்பிய செஸ்னா 421 விமானத்துக்கு, அதன் பிஸ்டன் எஞ்சின்களுக்குரிய பெட்ரோலுக்குப் பதிலாக, மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த ஜெட் எரிபொருளை ஊற்றிவிட்டார்கள். குழாய்களில் தங்கியிருந்த நல்ல எரிபொருள் தீரும்வரை எஞ்சின்கள் ஓடும். ஆகையால் தவறு தரையில் வெளிப்படாமல் ஆகாயத்தில் வெளிப்பட்டது. நால்வரும் இறந்தனர். ஆஸ்திரேலியாவில் 2000 மே 31 இரவு, அடிலெய்டிலிருந்து வையாலா நோக்கிச் சென்ற பைப்பர் சீஃப்டன் விமானம் ஸ்பென்ஸர் வளைகுடாவில் விழுந்து எட்டுப் பேர் மாண்டபோது, இடது எஞ்சினில் கிராங்க்‌ஷாஃப்ட் முறிந்தும், வலது எஞ்சினில் பிஸ்டன் ஓட்டை விழுந்தும் இருந்தன. எது முதலில் கெட்டது என்பதில் விசாரித்தவர்களிடையே கருத்துப் பேதம் உண்டு. இரண்டும் கெட்டன என்பதில் பேதமில்லை.

மூன்றாவதாகச் சொல்லப்படுவதே எல்லாவற்றிலும் அதிகத் தீங்கு விளைவிப்பது என்று கருதுகிறேன்: விமானம் விழுந்ததா, எஞ்சின் நின்றிருக்கவேண்டும் என்ற முடிவு. 2017 பிப்ரவரி 21 அன்று மெல்பர்ன் நகரை அடுத்த எஸெண்டனில் ஒரு கிங் ஏர் பி200 கிளம்பிய சில விநாடிகளில் கடைத்தெருக் கட்டடத்தின்மேல் விழுந்து ஐவர் மாண்டபோது, எஞ்சின் நாசமானதே காரணம் என்று அன்றே பேச்சு எழுந்தது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனம் நிதானமாக ஆராய்ந்து சொன்னது வேறு. விமானியின் காலுக்குப் பளு குறைப்பதற்காகச் சுக்கானை ஒரு பக்கமாகச் சற்றே சாய்த்து வைக்க, கையருகே ஒரு சிறு சக்கரம் உண்டு, அது இடது கோடிவரை திருப்பப்பட்டிருந்தது, கிளம்புமுன் சரிபார்க்கவேண்டிய ஜாபிதாவில் அந்தச் சக்கரமும் ஓர் அயிட்டம், அது கவனிக்கப்படவில்லை. எஞ்சின்கள் பழுதின்றி இருந்தன.

நம் தேசத்திலும் அப்படியே. 2015 டிசம்பர் 22 அன்று டெல்லியில், எல்லைப் பாதுகாப்புப் படையின் பி200 விமானம் ராஞ்சிக்குக் கிளம்பி, துவாரகா அருகே சுவரில் மோதிப் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். போதிய உயரம் அடையுமுன் ஆட்டோபைலட்டை, அதற்குத் திசை குறித்துக் கொடுக்காமலேயே இணைத்ததும், விமானம் இடப்புறம் சாய்ந்துகொண்டே போனதைக் கவனித்துத் தடுக்காததுமே விசாரணை கண்ட காரணங்கள். பிற நாடுகளிலும் இதுவே கதை. அமெரிக்காவில் மின்னஸோட்டாவின் செனட்டர் பால் வெல்ஸ்டன் உட்பட எட்டுப் பேர் 2002 அக்டோபரில் இறந்தது, இறங்குமுன் வேகத்தைக் குறையவிட்டு, இறக்கைகள் தூக்குவிசையை இழந்ததனால். மிஸௌரியின் கவர்னர் மெல் கார்னஹான் 2000-இல் இறந்தது, இரவில் மேகத்துக்குள் விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகி, விமானி மேல் எது கீழ் எது என்ற மயக்கத்துக்கு ஆளானதனால். கார்ப் பந்தய வீரர் கிரஹாம் ஹில்லும் ஐவரும் 1975-இல் லண்டனுக்கு அருகே மடிந்தது, அடர்ந்த மூடுபனியில் தரையைத் தேடி இறங்கியதனால். இவர்களில் எவரையும் மூன்றாவது எஞ்சின் ஒன்று காப்பாற்றியிருக்குமா? காரணத்தை எஞ்சினிலேயே தேடுகிற பழக்கம், அடுத்த விபத்தைத் தடுக்கக்கூடிய உண்மையான காரணத்தை மறைத்துவிடுகிறது; சதி என்ற வதந்திக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது.

ஒற்றை எஞ்சினுக்கு எதிராக நம்மவர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, 2011 மே 25 அன்று பாட்னாவிலிருந்து நோயாளியைக் கொண்டுவந்த பிலாட்டஸ் பி.சி.-12 விமானம் ஃபரீதாபாத்தில் வீடுகளின்மேல் விழுந்து, தரையிலிருந்த மூவர் உட்படப் பத்துப் பேர் இறந்த துயரத்தை. ஆனால் விசாரணை அதற்குச் சொன்ன காரணம் வானிலையின் தாக்குதல், கட்டுப்பாடுகளைத் தவறாகக் கையாளுதல், விமானியின் திசைமயக்கம் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ என்பதுதான், எஞ்சின் அல்ல. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, 2016 மே 24 அன்று, அதே பாட்னாவிலிருந்து அதே டெல்லிக்கு நோயாளியோடு வந்த இரட்டை எஞ்சின் கிங் ஏர் சி90 விமானத்தின் இரு எஞ்சின்களும் சக்தியிழந்துபோயின. விமானி நஜஃப்கர் அருகே வயலில் அதை இறக்கினார். ஏழு பேரும் பிழைத்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த விமானத்தில் எல்லோரும் மாண்டார்கள். இரண்டு எஞ்சினும் நின்ற விமானத்தில் எல்லோரும் பிழைத்தார்கள். இறுதி நிமிஷத்தில் விமானம் மனிதன் பிடியில் இருந்ததா இல்லையா என்பதே இவ்விரண்டையும் பிரித்தது.

அப்படியானால் இரண்டாவது எஞ்சின் வீண்தானா என்று கேட்டால், இல்லை என்றே உறுதியாகச் சொல்வேன். கடலுக்குமேல், இரவில், மலைத்தொடரின் குறுக்கே, உயரத்தில் சாவகாசமாகப் பறக்கையில் ஓர் எஞ்சின் நின்றால், மற்றது கிடைப்பது பெரும் பாக்கியம். அங்கே யோசிக்க அவகாசம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாக்கியம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. நிலத்திலிருந்து இருநூறு அடியில் எஞ்சின் நிற்கிற நிலையை நிஜ விமானத்தில் பழகிப் பார்க்க முடியாது. பழகப் போய் இறந்தவர்களும் உண்டு. அதைச் சிமுலேட்டரில்தான், ஆண்டுதோறும், கால் தானாக அசையும்வரை பழகவேண்டும். கோடிக்கணக்கில் விமானம் வாங்குகிறவர்கள் அந்தச் செலவில் கை வைப்பது எனக்குச் சகிக்கவில்லை. அமர்த்துகிறவரும் எஞ்சினை எண்ணுவதை விட்டு இரண்டு விஷயங்களை விசாரிக்கட்டும்: இந்த விமானி கடைசியாக எப்போது அந்தப் பயிற்சி செய்தார், இன்றைய வெயிலில், இன்றைய எடையில், ஓர் எஞ்சினோடு இந்த விமானம் நிமிஷத்துக்கு எத்தனை அடி ஏறும். இரண்டாவதற்கு விடை கைப்புத்தகத்தில் அட்டவணையாகவே இருக்கிறது. விமானி கிளம்புமுன் விரல் வைத்துப் படித்துக் காட்டலாம். அது பூஜ்யத்தை ஒட்டி இருந்தால், ஒரு பிரயாணியையோ இரண்டு பெட்டிகளையோ தரையில் விட்டுச் செல்லவேண்டும் என்று சொல்லும் அதிகாரம் விமானியிடம் இருக்கவேண்டும்; எத்தனை பெரிய மனிதர் உள்ளே அமர்ந்திருந்தாலும் அந்தச் சொல்லே முடிவாக வேண்டும்.