எங்க ஊர்ல பார்க்க ஒண்ணுமில்ல

போன வருஷம் ஒரு பயிற்சிக்காக அலுவலகம் என்னைக் கோபன்ஹேகனுக்கு அனுப்பியது. கடைசி இரண்டு நாள் ஓய்வு. இணையத்தில் கிடைத்த ‘கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்’ பட்டியலோடு கிளம்பினேன். கூடவே பயிற்சியில் பழக்கமான உள்ளூர்க்காரர் ஒருவரும் வந்தார். நூஹவ்ன் கால்வாய்க் கரையில் காபி குடிக்கும்போது அவர் கேட்டார்: “தூத்துக்குடிக்கு வந்தா நான் என்ன பார்க்கணும்?”

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எங்க ஊர்ல பார்க்க ஒண்ணுமில்ல. பக்கத்துல திருச்செந்தூர் இருக்கு” என்றேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கு எதிரானது. அதாவது எனக்கு எதிரானது. நீங்களும் கடற்கரை ஊர்க்காரர் என்றால், உங்களுக்கும் எதிரானதுதான்.

முதலில் அவர்கள் எதைக் காட்டுகிறார்கள் என்று பார்ப்போம். பட்டியலில் முதலில் வருவது ‘குட்டிக் கடற்கன்னி’. பீர் முதலாளி ஒருவர் காசு போட்டுச் செய்வித்து, 1913-இல் நகரத்துக்குக் கொடுத்த வெண்கலச் சிலை. உயரம் நாலடி. கரையோரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்கி, ‘இவ்ளோதானா?’ என்று முகம் சுருங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். ஆண்டர்சன் 1837-இல் எழுதிய கதைதான் அவளுக்குப் பின்னால் இருக்கிறது. கடலுக்கடியில் பிறந்து, குரலைக் கொடுத்துவிட்டு மேலே வந்த பெண். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அவளைப் பார்க்க உலகமே வருகிறது.

எங்கள் கடலில் நிஜ மனிதர்கள் முங்கினார்கள். காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் பையைத் தொங்கவிட்டு, ஒரே மூச்சில். மேலே கயிறு பிடிக்கிறவன் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். அக்கா தங்கச்சி தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம்பிக்கை. அவர்கள் முங்கிய இடங்களுக்குப் ‘பார்’ என்று பெயர். கடலுக்குள் ஒவ்வொரு பாருக்கும், நம் வயல்களுக்கு இருக்கிற மாதிரி, தனிப் பெயர் உண்டு.

ஏறக்குறைய 2000 வருஷத்துக்கு முன் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையைச் சொல்கிறது. முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. முத்து வேண்டும், முங்குகிறவன் செத்தாலும் பரவாயில்லை என்ற கணக்கு அப்போதே இருந்திருக்கிறது. பிறகு பாண்டியன், போர்த்துக்கீசியன், 1658-இல் டச்சுக்காரன், கடைசியாக இங்கிலீஷ்காரன். கொடி மாறியது, முங்கியவன் மாறவில்லை. 1961-இல் நடந்ததுதான் எங்கள் பக்கத்தின் கடைசி முத்துக்குளிப்பு. இதே ஊரில் 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். நான் இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். இதில் ஒன்றைக்கூட எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை.

இரண்டாம் நாள் ரோசன்போர்க் அரண்மனை. நிலவறையில் அரச நகைகள். அதில் முத்து வைத்த நகைகளும் உண்டு. கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். எந்தக் கடல் முத்து என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கடலாக இருந்தாலும் ஒருத்தன் முங்கித்தான் எடுத்திருப்பான். அந்த அரண்மனையைக் கட்டிய நான்காம் கிறிஸ்டியன் காலத்தில்தான் 1620-இல் தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை எழுந்தது. எங்கிருந்தோ நம் கடற்கரையைத் தேடி வந்தவனுக்கு அதன் மதிப்பு தெரிந்திருக்கிறது. அங்கேயே பிறந்த நான் ‘ஒண்ணுமில்ல’ என்கிறேன்.

எங்கள் ஊருக்கும் பட்டியல் உண்டு. பனிமயமாதா பேராலயம், முயல் தீவு, ரோச் பூங்கா. அப்புறம் திருச்செந்தூர், நவதிருப்பதி, மணப்பாடு, பாஞ்சாலங்குறிச்சி. கவனியுங்கள், பாதிப் பட்டியல் ஊரைவிட்டு வெளியே அனுப்புகிறது. மிச்சத்திலும் கடலில் வேலை செய்தவன் இல்லை.

இலக்கியம் வாசிக்கிற நாம் மட்டும் என்ன வாழ்கிறது? ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ 2013-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியபோது எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டோம். அந்தக் கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன கிராமம். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்? இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்த முதல் புத்தகமான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வந்தது. அதைக் கொண்டுவந்த அன்றீக்கு அடிகளார் வாழ்ந்த புன்னைக்காயலுக்கு எத்தனை பேருக்கு வழி தெரியும்?

‘ஊரைச் சுற்றுலாத்தலம் ஆக்கினா நாசமாப் போயிடும்’ என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. நூஹவ்ன் ஒரு காலத்தில் மாலுமிகளின் சாராயக்கடைத் தெரு. இன்று அந்த வண்ண வீடுகளுக்கு முன்னால் ஒரு கிளாஸ் பீர் வாங்க என் பர்ஸ் இடம் கொடுக்கவில்லை. பழைய மரக்கப்பல்கள் அழகாகக் கட்டிக் கிடக்கின்றன, அதில் வேலை பார்த்தவர்கள் அந்தத் தெருவில் இல்லை. நான் அதைக் கேட்கவில்லை. கடற்கரையில் ஒரு சிமென்ட் சிப்பியும், நடுவில் வெள்ளை உருண்டையும், பக்கத்தில் செல்ஃபி மேடையும் கட்டி ‘முத்து நகரம்’ என்று எழுதிவிட்டால் அதுவும் ‘ஒண்ணுமில்ல’தான், கொஞ்சம் செலவு அதிகம்.

ஏனென்றால் முங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்து நின்றது, சங்கு நிற்கவில்லை. வங்காளத்துக் கல்யாணப் பெண்களின் கையில் ஏறும் சங்கு வளையலுக்கு இன்றும் எங்கள் கடலிலிருந்து சங்கு போகிறது. ஊருக்குத் திரும்பியதும் திரேஸ்புரம் போனேன். என் இருபத்தெட்டு வயதில், பார்ப்பதற்கென்று அங்கே போனது அதுதான் முதல் தடவை. வலை காய்ந்த மணலில் சங்கு குளிக்கிற ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, கீழ எப்படி இருக்கும்?”

“அதுக்கு நீ முங்கணும்ல” என்று சிரித்தார். பிறகு இரண்டு மணி நேரம் பேசினார். எந்தக் காற்றுக்குத் தண்ணீர் கலங்கும், சங்கு மணலுக்குள் எப்படிப் புதைந்து கிடக்கும், காது வலித்தால் என்ன அர்த்தம், கூட முங்கிய ஒருவரின் கால் விழுந்துபோன கதை. நடுவில் நிறுத்தி, “இதையெல்லாம் யாருல கேக்கா இப்ப?” என்றார். அவர் மகன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். பேரன் கம்ப்யூட்டர் படிக்கிறான்.

அவர் போய்விட்டால் அந்த இரண்டு மணி நேரமும் போய்விடும். கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கூடம். அதில் ஒரு கல், ஒரு கயிறு, பார்களின் பெயர் எழுதிய ஒரு கடல் வரைபடம், முங்கினவர்களின் குரல் பதிவு. விளக்கிச் சொல்ல அவர்களில் ஒருவர், சம்பளத்தோடு. வெளிநாட்டுக்காரன் அப்புறம் வரட்டும். முதலில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

கூடம் வரும்வரை போன் இருக்கிறது. அடுத்த ஞாயிறு பதிவு செய்யப் போகிறேன், அண்ணாச்சி சரி என்றிருக்கிறார். கோபன்ஹேகன் நண்பருக்கும் எழுதிவிட்டேன்: ‘அன்று தப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊருக்கு வந்தால் ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். சீக்கிரம் வாருங்கள்.’