விரதமும் சிறுநீரகமும்

ஐப்பசியில் கந்த சஷ்டி, மார்கழியில் வைகுண்ட ஏகாதசி என விரத நாள்கள் வரும்பொழுது, இளமை முதல் நோற்றுவந்ததை முதுமையிலும் விடலாகாது என்று உள்ளம் விழைவது இயல்பே. ஆயினும் இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை உண்ணும் அன்பர்கள், துளி நீரும் அருந்தாமல் விரதமிருக்குமுன், நம் உடலுக்குள் நிகழும் ஒன்றை அறிந்துகொள்வது நலம்.

நம் சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. எஞ்சியதெல்லாம் இரத்தத்திற்கே திரும்புகிறது. வங்கியில் வரவு செலவு பார்த்த எனக்கு இக்கணக்கு பெருவியப்பை அளிக்கிறது.

வீரகேரளம்புதூரில் எங்கள் சிற்றாற்றில் நீர் குறைந்தால், மடைகளை ஒடுக்கி, இருக்கும் நீரைக் காப்பார்கள். உடலும் அதனையே செய்கிறது. நீரும் உப்பும் குறைந்து இரத்த அழுத்தம் தாழும்பொழுது, சிறுநீரகம் 'ரெனின்' என்னும் பொருளைச் சுரக்கிறது. சுவீடன் நாட்டில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர் 1898ஆம் ஆண்டில் இதனை அறிவித்தனர். ஈரல் தரும் ஒரு புரதத்திலிருந்து ரெனின் 'ஆஞ்சியோடென்சின்' என்பதைத் தோற்றுவிக்க, அது பெரும்பாலும் நுரையீரலில் முழு ஆற்றல் பெறுகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. சிறுநீரகத்தின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டி, 'ஆல்டோஸ்டிரோன்' என்னும் ஹார்மோனையும் சுரக்கச் செய்கிறது. அந்த ஹார்மோன் உப்பைத் தேக்க, உப்பின் பின்னே நீரும் தங்குகிறது, அழுத்தம் உயர்கிறது.

இந்த ஏற்பாடு அளவு மீறினால் அதுவே இரத்தக் கொதிப்புக்குக் காரணமாகலாம். அதனைத் தணிக்கும் வழி ஒன்று, பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து புலப்பட்டது. செர்ஜியோ ஃபெரேரா என்னும் அறிஞர் 1965இல் அந்நஞ்சில் கண்ட கூற்றை அடியொற்றி ஆய்வுகள் நடந்தன. 1981இல் 'காப்டோப்ரில்' மருந்து புழக்கத்திற்கு வந்தது. நஞ்சும் நன்மையாகும் என்பதை நீலகண்டனை வணங்கும் நமக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை.

இன்று நம்மில் பலர் உண்ணும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவை இந்த வழியை அடக்கும் மாத்திரைகளே. அவற்றை உண்டு, நீரின்றியும் இருந்தால், மடையை அடைக்க ஆளில்லாத ஆற்றின் நிலை நேரும். அழுத்தம் மிகத் தாழ்ந்து தலை சுற்றலாம். போதிய இரத்தம் செல்லாமல் சிறுநீரகமே பழுதுபடலாம். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும், மூட்டுவலி மாத்திரையும் சேர்ந்தால் இடர் மிகும். வாந்தி, வயிற்றுப்போக்குக் காலத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். முதுமையில் தாக உணர்வும் மங்குவதால், தாகமில்லை என்பதை நம்பியிருத்தல் ஆகாது.

அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. அழுத்தம் திடீரென ஏறிவிடக்கூடும். விரதத்திற்குச் சில நாள்கள் முன்னரே மருத்துவரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டி, எவ்வளவு நீர் அருந்தலாம், எந்த மாத்திரையை எப்பொழுது உண்ணலாம் என்று கேட்டறிதல் வேண்டும். இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நோயால் நீர் அளவு குறிக்கப்பட்டவர்கள் அந்த அளவையே கைக்கொள்க.

நீர் அருந்தினால் விரதம் பங்கமாகுமோ என்று அஞ்சவேண்டா. மகாபாரதத்தில் விதுரர் உரைக்கும் நீதியில், விரதத்தைக் கெடுக்காதவை என எட்டு எண்ணப்படுகின்றன. நீரும் மருந்தும் அவற்றுள் அடங்கும்.