கனவே கூலியாகுமா?

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன், ஈட்டி எறிதலில் தேர்ந்த இளைஞர் ரிங்கு சிங், 2008ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வெற்றி பெற்றார். இன்று கிரிக்கெட்டில் புகழ்பெற்றுள்ள அதே பெயருடையவர் வேறு, இவர் வேறு. பேஸ்பால் பந்தை அதுவரை தொட்டறியாத இவர், அதனை மிக விரைவாக எறிந்து ஒரு லட்சம் டாலர் பரிசு பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் இவரும், இதே போட்டியில் தேர்வான தினேஷ் படேலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். 2014இல் டிஸ்னி நிறுவனம் இதனைத் திரைப்படமாக்கி வெளியிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளையைச் சந்தை கைதூக்கிவிட்ட கதை என உலகெங்கும் அது கொண்டாடப்பட்டது.

திரைப்படத்தின் கதை ஒப்பந்தத்தோடு முடிகிறது. உழைப்பின் கதை அங்குதான் தொடங்குகிறது. 2009இல் இருவரும் ஃபுளோரிடாவில் மைனர் லீக்கின் அடிப்படியில் ஆடினர். அவ்வாண்டு ஜூலையில் ஓர் ஆட்டத்தின் வெற்றி ரிங்கு சிங்கின் கணக்கில் பதிவாயிற்று. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் அவ்வாறு வென்ற முதல் இந்தியர் அவரே. தினேஷ் படேலை 2010இன் இறுதியில் அணி விடுவித்துவிட்டது. ரிங்கு சிங் மேலும் சில படிகள் ஏறி மேற்கு வர்ஜீனியா அணியை அடைந்தார். 2012இல் அங்கு 39 ஆட்டங்களில் பந்து வீசினார். பின்னர் முழங்கையில் காயம், அறுவைச் சிகிச்சை, ஆடாமலே கழிந்த பருவங்கள். மேஜர் லீக்கின் வாசலை அவர் எட்டவேயில்லை. 2018இல் பொழுதுபோக்கு மல்யுத்த நிறுவனத்தில் சேர்ந்தார்.

இதனைத் தனியொருவரின் தோல்வியாகக் கொள்வது பிழை. அந்த ஏணியே அவ்வாறுதான் கட்டப்பட்டுள்ளது.

ஏணியின் கணக்கு

மேஜர் லீக்கில் 30 அணிகள், ஓர் அணிக்கு 26 இடங்கள், மொத்தம் 780. அவற்றின்கீழ், மைனர் லீக் எனப்படும் பயிற்சிப் படிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் காத்திருக்கின்றனர். ஒவ்வொரு பெரிய அணிக்கும் கீழே நான்கு துணை அணிகளும், அவற்றுக்கும் கீழே பயிற்சி முகாம்களும் உள்ளன. 1920களில் செயின்ட் லூயிஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி வளர்த்தெடுத்த இம்முறைக்கு அங்கு வழங்கும் பெயர் ‘பண்ணை’. விளைவது மனித ஆற்றல், அறுவடை முதலாளிக்கு.

மேலே செல்லும் வாய்ப்பு மிகச் சிலருக்கே என்பது தெரிந்தும் இத்தனை பேரை ஏன் அமர்த்துகின்றனர்? விடை எளிது. ஒரு நட்சத்திரம் உருவாக அவர் ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். ஆட்டத்துக்கு இரு பக்கமும் ஒன்பதின்மர் களத்தில் வேண்டும். அவருக்குப் பந்து வீசுபவரும், அவர் அடித்ததைப் பிடிப்பவரும் அந்த நட்சத்திரத்தின் உற்பத்தியில் பங்கேற்கும் தொழிலாளர்களே. பல கோடி டாலருக்கு விலைபோகும் வீரருக்குள் நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு உறைந்து கிடக்கிறது. ஆனால் ஊதியக் கணக்கில் அவர்கள் ‘கனவைத் துரத்துவோர்’ மட்டுமே.

அக்கனவின் பெயரால் அவர்களுக்கு அளிக்கப்பட்டது என்ன? 2014இல் முன்னாள் மைனர் லீக் வீரர்கள் தொடுத்த வழக்கின் மனு, பெரும்பாலோர் ஆண்டு முழுவதற்கும் பெற்றது 3,000 முதல் 7,500 டாலர் வரையே என்று கூறியது. ஊதியம் ஆட்டப் பருவத்துக்கு மட்டும்; வசந்தகாலப் பயிற்சிக்குக் கூலி இல்லை. 1976க்குப்பின் விலைவாசி 400 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருக்க, இவர்களின் ஊதியம் 75 சதவீதமே உயர்ந்தது என்றும் மனு சுட்டியது. ஒப்பந்தமோ ஒருதலைப்பட்சமானது. அப்போது வீரரை ஏழு பருவங்கள் வரை அணி கட்டிவைக்க முடிந்தது. வேண்டாமெனில் எந்நாளும் வெளியேற்றலாம். வேறு அணியைத் தேடும் உரிமை வீரருக்கு இல்லை.

சட்டம் யார் பக்கம்?

இந்நிலை தானாக நேர்ந்ததன்று. பேஸ்பால் மாநிலங்களுக்கிடையிலான வணிகமன்று எனக் கூறி, ஏகபோகத் தடைச் சட்டத்தின் பிடியிலிருந்து அதனை அமெரிக்க உச்சநீதிமன்றம் 1922இல் விலக்கி வைத்தது. 2014 வழக்கு வலுப்பெற்றபோது முதலாளிகள் நாடாளுமன்றத்தை நாடினர். 2018 மார்ச்சில், இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் சில வரிகள் செருகப்பட்டன. வாரத்துக்கு நாற்பது மணிநேரத்துக்கான குறைந்தபட்சக் கூலியை ஆட்டப் பருவத்தில் தந்தால் போதும். மிகைநேர ஊதியம் தேவையில்லை என்பதே அவற்றின் சாரம். அந்த ஏற்பாட்டுக்கு ‘அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காக்கும் சட்டம்’ என்று பெயர்! உழைப்பவனின் பையிலிருந்து எடுப்பதற்குத் தேசப்பற்றின் பெயர் சூட்டுவது முதலாளித்துவத்துக்குப் புதிதன்று.

சங்கத்தின் நெடிய மௌனம்

தோழர்கள் இன்னும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டியது வேறொன்று. இந்த ஐம்பதாண்டுகளும் பேஸ்பாலில் தொழிற்சங்கம் இல்லாமல் இல்லை. எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் 1966 முதல் மேஜர் லீக் வீரர்களின் சங்கத்தை வலிமைமிக்க அமைப்பாக வளர்த்தார். தம்மை ஒரு சரக்கைப் போல வேறு அணிக்கு மாற்றியதை எதிர்த்துக் கறுப்பின வீரர் கர்ட் ஃபிளட் நீதிமன்றம் சென்று 1972இல் தோற்றார். எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1975இல் நடுவர் தீர்ப்பொன்று, வீரரைக் காலமெல்லாம் கட்டிவைத்த ‘ரிசர்வ்’ விதியை முறித்தது. அதன்பின் மேஜர் லீக் ஊதியம் வானளாவ உயர்ந்தது.

ஆனால் அந்தச் சங்கத்தின் கதவு கீழ்ப்படியில் நின்றோருக்குத் திறக்கவில்லை. புதிதாக வரும் இளைஞர்களுக்குத் தரப்படும் முன்பணத்துக்கு 2011 ஒப்பந்தம் கடுமையான உச்சவரம்பு விதித்தபோது, மேசையில் அமர்ந்து கையெழுத்திட்டது வீரர்களின் சங்கமே. மேசையில் இல்லாதவரின் பங்கு பேரத்தில் முதலில் விலைபோகிறது. இது கெட்ட மனத்தால் நேர்வதன்று. குறுகிய அமைப்பால் நேர்வது.

மாற்றம் கீழிருந்து வந்தது. வழக்கைத் தொடுத்தவர்களும், வீரர்களிடையே பேசிப் பேசி அச்சத்தைக் களைந்தவர்களும் நிலத்தைப் பண்படுத்தினர். துணை அணிகளின் எண்ணிக்கை 2021இல் 160லிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டது அவர்களின் சினத்தைக் கூட்டியது. 2022 ஜூலையில் அந்த வழக்கு 18.5 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உடன்பாடாயிற்று. ஆகஸ்ட் இறுதியில் சங்க உறுப்பினர் அட்டைகளில் கையெழுத்துத் திரட்டும் பணி தொடங்கியது. செப்டம்பர் நடுவில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரிக்க நேர்ந்தது. மேஜர் லீக் வீரர்களின் சங்கமும் இம்முறை கதவைத் திறந்து அவர்களைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

2023 மார்ச் இறுதியில் முதல் ஒப்பந்தம் நிறைவேறிற்று. பயிற்சி முகாம் வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆகவும், இரண்டாம் படியான டபுள் ஏயில் 13,800லிருந்து 30,250 ஆகவும் உயர்ந்தது. ‘அவர்கள் பயிலுநர்களே, தொழிலாளரல்லர்’ என்று காலமெல்லாம் ஓதியவர்கள் இத்தொகையைத் தர ஒப்புக்கொண்டதால் பேஸ்பால் அழிந்துவிடவில்லை. அவ்வாண்டு மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஊதியம் 7,20,000 டாலர் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முடியாத வேலை

வெற்றி முழுமையானதன்று. ஓர் அணி அமெரிக்காவில் ஒப்பந்தத்தில் வைத்திருக்கக்கூடிய மைனர் லீக் வீரர்களின் உச்ச எண்ணிக்கை 180லிருந்து 165ஆகக் குறைக்கப்பட்டது. டொமினிகன் குடியரசில் அணிகள் நடத்தும் முகாம்களில் பதினாறு, பதினேழு வயதிலேயே ஒப்பந்தமாகும் சிறுவர்கள் இந்தச் சங்க வரம்புக்குள் வரவில்லை. மூலதனம் எல்லை கடந்து ஆள் பிடிக்கிறது. சங்கமோ எல்லையில் நின்றுவிட்டது. பேரம் பேசும் உரிமை கரீபியன் கடலைக் கடக்கும்வரை, மலிவான ரிசர்வ் பட்டாளம் முதலாளிகளின் கையில் இருந்துகொண்டே இருக்கும்.

இது இந்தியத் தொழிற்சங்கத் தோழர்களுக்கு அந்நியக் கதையன்று. ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நிரந்தரத் தொழிலாளியும் ஒப்பந்தத் தொழிலாளியும் நிற்கின்றனர். சங்கம் ஒருவருக்கு மட்டும் பேசுகிறது. ‘பயிலுநர்’ என்ற பெயரில் முழுநேர உற்பத்தி வேலை வாங்கப்படுகிறது. ஊர் ஊராய் நடந்து மக்கள் நலம் காக்கும் ஆஷா ஊழியர் அரசின் ஏட்டில் ‘தன்னார்வலர்’. அவருக்குத் தரப்படுவது ஊதியமன்று, ‘ஊக்கத்தொகை’. பெயரை மாற்றினால் கூலியைக் குறைக்கலாம் என்பதே எங்கும் தந்திரம்.

ஆகவே, அடுத்த ஊதிய ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும் ஒவ்வொரு சங்கமும், ஆலை வாசலுக்குள் உழைத்தும் உறுப்பினர் பட்டியலில் இல்லாதோர் எத்தனை பேர் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுக்கான கோரிக்கை பட்டியலின் கடைசி வரியாக இருத்தல் கூடாது. ஐம்பதாண்டுகள் மூடிக்கிடந்த ஒரு கதவு, முயற்சி செய்தபோது மூன்று வாரத்துக்குள் திறந்தது. அதற்குரிய காலம் இங்கும் வந்துவிட்டது.